மெர்சியின் பெயருக்கு எதிரே ஒரு காலிக் கட்டம்

அன்றைய கூட்டத்துக்கு வந்தவர்கள்: தலைவர் டேனியல் அண்ணன், காரைக்குடி சபையிலிருந்து இரண்டு பேர், பள்ளத்தூரிலிருந்து ஒருவர், சிவகங்கையிலிருந்து ஒருவர், செயலாளராகிய நான். சிறுவர் ஊழியத்துக்காக அழைப்பின்பேரில் வந்தவர் கல்லல் மெர்சி. வராதவர் காரைக்குடி சபைப் போதகர் ஐயா மட்டும். ஓர் அடக்க ஆராதனைக்காக மானாமதுரைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் அன்றைக்கு நடந்தது நடந்திருக்காது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

புதிதாகப் பொறுப்பெடுத்திருக்கிற தம்பி தங்கைகளே, ஐக்கியத்தின் வரலாற்றையும் அமைப்பையும் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டீர்கள். அரசாங்கத்தில் அறுபது வயதில் ஓய்வு. நம் வாலிபர் ஐக்கியத்தில் முப்பத்தைந்து. போன ஈஸ்டரோடு எனக்கு முடிந்தது. பிரிவுபசாரத்தில் சால்வையும் சுவர்க் கடிகாரமும் தந்தீர்கள். "கூட்டமே இல்லாத ஆளுக்கு மணி எதுக்கு" என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வரலாறு என்று பெரிதாக எழுத எனக்கு வராது. மூத்தவர்கள் சொல்லிக் கேட்டது இவ்வளவுதான். பல மாநிலங்களில் பாப்டிஸ்ட் சபை வாலிபர்கள் ஞாயிறு மாலைகளில் தனித்தனியாகக் கூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஊர் வாலிபர்கள் இன்னோர் ஊருக்குக் கடிதம் போட்டார்கள். கடிதங்கள் பெருகி, எல்லாரும் ஒருமுறை நேரில் பார்த்துக்கொண்டால் என்ன என்று தோன்றி, ரயிலேறிப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் தரையில் படுத்து மூன்று நாள் பேசினார்கள். அதுதான் தேசிய ஐக்கியத்தின் தொடக்கம். நம் மாவட்டத்துக்கு அது பின்னால்தான் வந்தது. வேலை மாற்றலாகிக் காரைக்குடிக்கு வந்த சில குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு வாடகை வீட்டு மாடியில் தொடங்கினார்கள். இன்றைக்கும் நாம் கொஞ்சம் பேர்தான். பாப்டிஸ்ட் என்று சொன்னால் "அது எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்கிற ஊர் இது.

அமைப்பைச் சொல்கிறேன். சபையில் ஒரு வாலிபர் சங்கம், சங்கங்கள் சேர்ந்து மாவட்ட ஐக்கியம், அதற்கு மேல் மாநிலம், அதற்கு மேல் தேசிய அலுவலகம். மேலே போகப் போக அதிகாரம் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மிடம் அது தலைகீழ். ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும். மேலிடம் கேட்கலாம், கட்டளையிட முடியாது. எதுவானாலும் கூட்டம், எதுவானாலும் கை தூக்குதல். நாற்காலி வாங்கினாலும் வாக்கெடுப்பு, நாற்காலியை விற்றாலும் வாக்கெடுப்பு. அது நம் அழகு. எல்லாவற்றையும் கூட்டத்தில் வைத்துத்தான் பேசவேண்டும் என்று நம்மை நம்பவைப்பதும் அதுதான்.

நான் செயலாளரானபோது எனக்கு இருபத்தைந்து வயது. அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். ஐக்கியத்தின் விதிப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்கள். இருபத்திரண்டு பக்கம், ஓரத்தில் பின் அடித்தது. அதை இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். ரேஷன் கடையில், தாலுகா ஆபீசில், காகிதம் தெரிந்தவர்கள் முன்னால் அப்பா எப்படி நின்றார் என்று பார்த்து வளர்ந்தவன் நான். காகிதம் தெரிந்துவிட்டால் யாரையும் தப்பாக நடத்தமாட்டோம் என்று உண்மையாகவே நம்பினேன். சிரிக்காதீர்கள். உங்களில் இரண்டு பேர் முகத்தில் அந்த நம்பிக்கையை இப்போதும் பார்க்கிறேன்.

அந்தச் சித்திரையில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான படிவம் தேசிய அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. பள்ளி நடத்துகிறவர்களின் பெயர், வயது, சபை, ஞானஸ்நானம் பெற்ற தேதி. கடைசிக் கட்டம் அந்த ஆண்டுதான் புதிதாகச் சேர்ந்தது. குழந்தைகளுக்கு நாம் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்த வயதில் அவரவர் தாமே வந்து கேட்கவேண்டும், சபைக்கு முன்னால் சாட்சி சொல்லவேண்டும், தண்ணீரில் முழுதாக முழுகி எழவேண்டும். அப்படி முழுகியவர்தான் உறுப்பினர். உறுப்பினர்தான் பொறுப்பில் இருக்கலாம்.

அன்றைய கூட்டத்தில் அந்தப் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தேன். கல்லல் வந்தது. நான்கு வருடமாக அங்கே அறுபது பிள்ளைகளை வைத்துப் பள்ளி நடத்தியது மெர்சி. அவள் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

"மெர்சி, ஒங்க ஞானஸ்நானத் தேதி?"

"இன்னும் எடுக்கலண்ணே."

டேனியல் அண்ணன் அரசுப் பேருந்தில் கண்டக்டர். எதையும் பஸ்ஸை வைத்துத்தான் பேசுவார். "நாலு வருஷமா டிக்கெட் எடுக்காமயா வண்டியில வந்துக்கிட்டு இருந்தீக? செக்கர் ஏறுனா மெமோ எனக்குல்ல வரும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். மெர்சியும் சிரித்தாள். அதோடு விட்டிருக்கலாம். எனக்குக் கட்டம் நிரம்பவேண்டியிருந்தது.

"விசுவாசத்துல ஏதும் சந்தேகம் இருக்கா மெர்சி? இருந்தா இங்கனயே சொல்லுங்க. எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம்."

"சந்தேகமெல்லாம் இல்லண்ணே."

"அப்ப என்ன தடை?"

ஆறு பேரும் அவளையே பார்த்தோம். அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. எழுந்து, குடித்து வைத்திருந்த டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கவிழ்த்து வைத்தாள். "கல்லல் வண்டிக்கு நேரமாச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதினேன்: 'காரணம் கேட்கப்பட்டது. பதில் இல்லை.' என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த வரியும் அழகாகத்தான் இருக்கிறது.

அடுத்த இரண்டு ஞாயிறும் கல்லலில் சிறுவர் வகுப்பு நடக்கவில்லை. செய்தியைக் கொண்டுவந்தவர் டேனியல் அண்ணன்தான். அவருடைய வண்டி கல்லல் வழியாகப் போகும்.

"ஏப்பா செயலாளரு, பிள்ளைக ஸ்டாப்பிங்ல நின்னு என்னைய மறிக்கிதுக. மெர்சியக்கா எங்கனு கேக்குதுக. என்னத்தச் சொல்ல? மீட்டிங்ல வச்சு வெரட்டிட்டோம்னா?"

மெர்சி காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலையில் இருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனேன். கடைக்குப் பின்னால் பார்சல் இறக்குகிற படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள். கூட வேலை செய்கிற ஒரு பெண் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "மெர்சி, யாரு? பேசி முடிக்க வந்துருக்காகளா?" என்றாள். "வந்துருக்கிறது எங்க சபை செயலாளரு. கல்யாணத்துக்குக் கூட படிவம் நிரப்பச் சொல்லுவாரு, நீ போடி" என்றாள் மெர்சி.

நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று சரியாகத் தெரியாமலே கேட்டேன். அது அவளுக்கும் தெரிந்தது.

டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். "எனக்குப் பதிமூணு வயசுல இருந்து வலிப்பு வரும்ணே."

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை எழுதுவதற்கு முன் மெர்சியிடம் அனுமதி கேட்டேன். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அவளே பல இடங்களில் வாய்விட்டுச் சொல்கிற விஷயம்தான். ஆனாலும் கேட்டேன். "எழுதுங்க. அழுதேன்னு மட்டும் எழுதீராதீக, நான் அழுகல" என்றாள். உண்மை. அவள் அழவில்லை.

"சிவகங்கையில பெரியாஸ்பத்திரி டாக்டருதான் பாக்குறாரு. மாத்திரை ஒரு வேளை தப்பக்கூடாது, வெறும் வயிறா இருக்கக்கூடாது, தூக்கம் முழிக்கக்கூடாது. இந்த மூணையும் பாத்துக்கிட்டா ஒண்ணும் செய்யாது. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவதான் வரும். அம்மாவுக்கும் எனக்கும் தவிர இங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா மாப்பிள்ளை வருமா?"

"அதனாலதான் தண்ணிக்குப் பயமா?"

"தண்ணிக்கு என்னண்ணே பயம்? நான் கம்மாயில நீச்சலடிச்சவ. ஐயா புடிச்சுக்கிருவாரு, முங்கி எந்திரிக்க எவ்வளவு நேரமாகப் போகுது?" கதவிடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். "தொட்டியில நிக்கையில வந்துருச்சுனா? முந்நூறு பேரு பாத்துக்கிட்டு இருப்பாக. வலிப்புனா சொல்லுவாக? பிசாசு போகுதுனு சொல்லுவாக. தலையில கைய வச்சுக் கத்தி ஜெபிப்பாக. அப்பறம் நான் சாகுறவரைக்கும் பேய் பிடிச்சிருந்த மெர்சிதான். எந்த அம்மா எங்கிட்டப் பிள்ளைய அனுப்புவா?"

நானே அப்படிப்பட்ட ஜெபங்களில் நின்று ஆமென் சொல்லியிருக்கிறேன்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுண்ணே."

"சொல்லமாட்டேன்."

"எனக்கு எடுக்கணும்னு ஆசதான். நாலு வருஷமா ஆச. ஒவ்வொரு தடவையும் மத்தவுக வெள்ளச் சேலை கட்டிட்டு நனைஞ்சு வாரதப் பாத்துட்டு, வீட்டுக்குப் போயி வாளித் தண்ணிய தலையில ஊத்திக்கிருவேன். அம்மா திட்டும், இந்நேரத்துல என்னடி குளியல்னு."

அன்று மாலை தேசிய அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பெயர் சொல்லாமல், ஞானஸ்நானம் பெறாதவர் பள்ளி நடத்தலாமா என்று கேட்டேன். அங்கே இருந்த சகோதரர் ஆந்திராக்காரர். அவருக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். "படிவம் நாங்க அனுப்புறோம் பிரதர். உத்தரவாதம் கையெழுத்து உங்க சபைது. நாங்க எப்படி சொல்றது? உங்க கூட்டம் என்ன சொல்லுதோ, அதுதான்." மேலிடத்தில் ஒரு கதவு இருக்கும், தட்டினால் யாராவது திறந்து தீர்த்து வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நம் அமைப்பில் அப்படி ஒரு கதவு கிடையாது. சுற்றிச் சுற்றி நம் கூட்டத்துக்கே வந்து நிற்கும்.

கூட்டம் கூடியது. பட்டியலை அனுப்ப மூன்று வாரம் இருந்தது. மெர்சியும் போதகர் ஐயாவும் வரவில்லை. கல்லல் பள்ளியை மெர்சியே நடத்தவேண்டும் என்று முன்மொழிந்தேன்.

"காரணம் தெரிஞ்சுச்சா?" என்று டேனியல் அண்ணன் கேட்டார்.

"தெரிஞ்சுச்சு."

"என்ன?"

"சொல்லமாட்டேன்."

பள்ளத்தூர்த் தம்பி சிரித்துவிட்டான். டேனியல் அண்ணன் சிரிக்கவில்லை. "போன கூட்டத்துல நீதானப்பா எங்க எல்லாரு முன்னாடியும் வச்சுக் கேட்ட? அன்னைக்குக் கூட்டத்துல கேக்கலாம், இன்னைக்குக் கூட்டத்துல சொல்லக்கூடாதா? எதை நம்பி நாங்க கை தூக்குறது?"

நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் என் வாயில் உண்மை தயாராக இருந்தது. ஒரே வார்த்தை. சொன்னால் எல்லாரும் உச்சுக்கொட்டி உடனே கை தூக்கியிருப்பார்கள். எனக்கும் கெட்ட பெயர் தீர்ந்திருக்கும். தம்பி தங்கைகளே, இந்த வேலையில் உங்களுக்கு வருகிற பெரிய சோதனை பணமும் பதவியும் அல்ல. பிறர் நம்பிச் சொன்ன ஒரு வார்த்தை, அதைச் சொல்லிவிட்டால் அவருக்கே நல்லது நடக்கும் போலத் தோன்றும் ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் வாயை மூடிக்கொண்டதுதான் பத்து வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம்.

"போன தடவை கேட்டது தப்பு. அந்த வரிய அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுறேன். மெர்சிக்கு விசுவாசத்துல குறை இல்ல. அத நான் நேர்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். என்னைய நம்புறதுனா கை தூக்குங்க."

தலைவருக்கும் முன்மொழிந்த எனக்கும் வாக்கில்லை. மீதி நான்கு பேரில் இரண்டு கைகள் உடனே எழுந்தன. பள்ளத்தூர்த் தம்பியின் கை தயங்கித் தயங்கி எழுந்தது. சிவகங்கைக்காரர் கையைக் கட்டிக்கொண்டே இருந்தார். "பாஸாகிருச்சு" என்றார் டேனியல் அண்ணன், முகம் தெளியாமல். "ஆனா பட்டியல் போறதுக்குள்ள எடுத்துருவாகளா? அதையாவது சொல்லு."

"எடுத்துருவாக" என்று சொல்லிவிட்டேன்.

வாயை மூடிக்கொண்டதைப் பற்றி இப்போதுதான் பெருமையாக எழுதினேன். அடுத்த நிமிடமே அதே வாய் திறந்து, கேட்காமலே இன்னொருத்திக்காக வாக்குக் கொடுத்தது.

மறுநாள் பார்சல் படிக்கட்டில் மெர்சி என்னை வைத்து வாங்கினாள். "ஒங்களுக்கு வாய் சும்மா இருக்காதாண்ணே? எம் முழுக்குக்கு நீங்க என்ன தேதி குறிக்கிறீக? பொண்ணு வீட்டுக்காரன் சம்மதம் இல்லாம நிச்சயம் பண்ணுன மாதிரி இருக்கு."

"போய் இல்லேனு சொல்லிடுறேன்."

"அதையும் கேக்காமயே சொல்லுவீக." கொஞ்ச நேரம் படியில் கிடந்த நூல்கண்டுச் சிக்கலை விரலால் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எடுக்கிறேன். ஞாயித்துக்கெழம வேணாம். எனக்கு வியாழன் லீவு. வியாழக்கெழம. யார் யார் இருக்கணும்னு நான் சொல்லுவேன்" என்றாள்.

விரல் விட்டாள். அம்மா. போதகர் ஐயா. பள்ளத்தூர் சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் ரூத் அக்கா. நான்.

"டேனியல் அண்ணன்" என்று கடைசியாகச் சொன்னாள்.

"அவரா?"

"அவருதான கேட்டாரு, டிக்கெட் எடுக்கலையானு. வந்து கிழிச்சுக் குடுக்கட்டும்."

போதகர் ஐயாவிடம் அவளே சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஐயா, முன்பு இருந்த சபையில் ஒரு பையனை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, தான் தலையில் கை வைத்து ஜெபித்ததைச் சொன்னார். அந்தப் பையன் பிறகு எங்கே போனான் என்று தெரியாது என்றார். "எனக்கு யாரும் இப்படி வந்து சொல்லலம்மா" என்றார். மெர்சி, "இப்ப சொல்லிட்டேன்ல ஐயா" என்றாள். பிரசங்க மேடைக்கு அடியில்தான் முழுக்குத் தொட்டி. மேலே பலகை போட்டு மூடியிருக்கும். அதில் எத்தனை அடி தண்ணீர் இருந்தால் போதும் என்று ஐயா பேச்சை மாற்றிக்கொண்டார்.

அந்தக் கோடையில் சபை ஆழ்குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரிக்குச் சொன்னோம். முழுக்கு எடுக்கிறவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஆயத்தத் தாள் ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். முதல் வரி மாற்று உடையும் துண்டும், அடுத்த வரி சாட்சியின் சுருக்கம் என்று போகும் பட்டியல். யாருக்கும் விட்டுப்போகக் கூடாது என்று புதன்கிழமை அதை ஒரு பிரதி எடுத்துக் கடையில் மெர்சி கையில் கொடுத்தேன். எல்லாம் முறையாக நடக்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

வியாழன் காலை பத்து மணி. லாரி வந்து, குழாய் போட்டு, தொட்டியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மெர்சி வெள்ளைச் சேலையில் வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. பரவசம் என்று நினைத்தேன். ஐயா முதலில் இறங்கி நின்று கையை நீட்டினார். முதல் படியில் கால் வைத்தவள் நின்றாள். "அம்மா" என்றாள். அப்படியே பின்பக்கம் சாய்ந்தாள்.

ரூத் அக்கா அவள் தலை தரையில் படும் முன் தாங்கிவிட்டார். உடம்பு இழுத்தது. டேனியல் அண்ணன் அனிச்சையாகப் பைக் சாவியை எடுத்து அவள் கையில் திணிக்கப் போனார். "சாவிய உள்ள வைங்க பிரதர். அந்த நாற்காலிய அங்குட்டு நகட்டுங்க" என்றார் ரூத் அக்கா. அண்ணன் நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் தூக்கி வைத்தார். ஐயா ஈர உடையோடு தொட்டியிலிருந்து ஏறி வந்து மண்டியிட்டார். அவருடைய வலது கை அவள் தலைக்கு மேல் உயர்ந்தது. முப்பது வருடப் பழக்கம். உதடு பிரிந்தது. நான் அந்தக் கையையே பார்த்தேன். அது அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு கீழே வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, அவள் கன்னத்துக்கு அடியில் வைத்தது. ரூத் அக்கா அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. நான் கலந்துகொண்ட ஜெபக் கூட்டங்களிலேயே அப்படி ஒன்று இல்லை.

மூன்று நிமிடம் இருக்கும். தெளிந்து, சுற்றிப் பார்த்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "யாரும் கத்துனீகளா?"

"யாரும் கத்தலத்தா" என்றார் டேனியல் அண்ணன்.

ரூத் அக்கா மெல்லக் கேட்டார். "ராத்திரி தூங்குனியா மெர்சி? காலையில என்ன சாப்பிட்ட?"

மெர்சி கைப்பையை இழுத்து உள்ளேயிருந்த தாளை எடுத்தாள். அவளுடைய அம்மா அதை வாங்கி, படிக்கத் தெரியாததால் என்னிடம் நீட்டினார். "நீங்க குடுத்ததுதானய்யா. இவதான் வாசிச்சுச் சொன்னா. அதுல போட்டிருக்கு, தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுனு. மாத்திரையும் போடல. விடிய விடிய ஜெபத்துல உக்காந்துருந்தா."

மூன்றாவது வரி. 'முந்தின மாலையிலிருந்து தண்ணீரும் அருந்தாமல் உபவாசம். இரவு விழித்திருந்து ஜெபம்.' மாத்திரை, வயிறு, தூக்கம் என்று அவள் வாயாலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். கேட்டிருந்தேன். கேட்டும் அந்தத் தாளைக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒருமுறைகூட வாசித்துப் பார்க்கவில்லை. மனப்பாடமான காகிதத்தை யார் வாசிப்பார்கள்?

"உங்களுக்கு உபவாசம் வேணாம்னு நான் சொல்லியிருக்கணும் மெர்சி."

"எனக்கும் தெரியும்லண்ணே" என்றாள். குரல் இன்னும் குழறிக்கொண்டிருந்தது. "தெரிஞ்சுதான் இருந்தேன். எல்லாரும் எடுக்கிற மாதிரி எடுக்கணும்னு இருந்துச்சு."

நான் மேடைப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டேன். அழுததாக எழுதக்கூடாது என்று அவளைப் பற்றித்தான் சொன்னாள், என்னைப் பற்றிச் சொல்லவில்லை.

தொட்டியின் அடியில் விரிசல் இருந்தது. மாலைக்குள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. "தண்ணி வீணாப் போச்சே" என்றுதான் மெர்சி வீட்டுக்குப் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இனி அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். அந்த வாரம் நான் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. எதையும் கேட்கவில்லை. அந்த அளவுக்காவது கற்றிருந்தேன். செவ்வாய்க்கிழமை டேனியல் அண்ணன் டிப்போவிலிருந்து போன் செய்தார். "இன்னைக்கு என் வண்டியில வந்துச்சு. வியாழக்கெழம லாரிக்குச் சொல்லிரச் சொல்லுச்சு. ஒங்கிட்டச் சொன்னா திரும்பத் தாள் குடுப்பியாம், அதான் எங்கிட்டச் சொல்லுச்சு."

அந்த வியாழன் காலை அதே ஆறு பேர் மேடைக்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்தோம். டேனியல் அண்ணன் பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற கடையில் இட்லியும் வடையும் வாங்கி வந்திருந்தார். எந்த முழுக்கு நாளிலும் போதகர் ஐயா காலையில் சாப்பிட்டதே இல்லை. மெர்சி இலையைப் பிரிக்கத் தயங்கியதைப் பார்த்து அவர்தான் முதல் இட்லியைப் பிட்டு வாயில் போட்டார். "சட்னி நல்லாருக்கும்மா, சாப்பிடு" என்றார். அவள் நான்கு இட்லி சாப்பிட்டாள். கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து எங்கள் எல்லார் முன்னிலையிலும் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நன்றாகத் தூங்கினேன் என்று ரூத் அக்காவிடம் சொன்னாள்.

சாட்சி சொல்லும்போது இரண்டே வரி. "இந்த வலிப்போடதான் நான் அவரு பிள்ள. அது போனாலும் போகாட்டியும்." ஐயா கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்டார். அவளைத் தாங்கிச் சாய்த்தார். தண்ணீர் அவள் முகத்துக்கு மேல் மூடித் திறந்தது. எழுந்து, தலைமுடியைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணைத் திறக்காமலே, "அவ்வளவுதானா?" என்றாள். டேனியல் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினார்.

பட்டியல் அன்று மாலையே போனது. திறந்த ஆராதனையில் கொடுக்காத முழுக்கு செல்லுமா என்று சிலர் பின்னால் முணுமுணுத்தார்கள். பொதுக் கூட்டத்தில் கேட்டார்கள். டேனியல் அண்ணன் எழுந்து, "நான் இருந்தேன். செல்லும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஆயத்தத் தாளின் மூன்றாவது வரியை அந்த வாரமே எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு வரி போடவில்லை. தாளைக் கொடுப்பதற்குப் பதில் நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கேட்டதை நினைவில் வையுங்கள். கேட்பது எனக்கும் எளிதாகத்தான் இருந்தது.

லாரித் தண்ணீர் இரண்டு நடை, நடைக்குத் தொள்ளாயிரம். இட்லியும் வடையும் ஆறு பேருக்கு இருநூற்று நாற்பது. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன். "முழுக்குச் செலவுனு எழுது, இட்லியையும் சேத்து" என்றார் டேனியல் அண்ணன். ஐக்கியத்துக்கு ஆனது மொத்தம் இரண்டாயிரத்து நாற்பது ரூபாய்.